முதல் பக்கத்தில் இறந்தவர் எழுதுவது

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் மகளும் நலம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், அச்சுக் கோப்பவர் முதல் அட்டை ஒட்டுபவர் வரை தங்களிடம் வேலை செய்யும் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலம் என்று எழுதியது வீட்டு நிலவரம் மட்டும்தான். தாங்கள் அச்சிடக் காத்திருக்கும் புத்தகத்தில் நான் முதல் பக்கத்திலேயே இறந்துபோகிறேன். அது சம்பந்தமாகவே இந்தக் கடிதம்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பதினாறு வயதில் ஒரு மாயாஜால நாவல் எழுதி அனுப்பியிருக்கிறாளே ஒரு பெண், தாங்கள்கூட 'இரண்டே நாளில் படித்து முடித்தேன்' என்று பதில் போட்டு, சின்னப் பெண் என்பதால் பெற்றோர் இருவரும் கையெழுத்திட வேண்டும் என்று ஒப்பந்தத்தாளும் அனுப்பினீர்களே, அவளுடைய அப்பா. தொழில், லிஃப்ட் பழுது பார்ப்பது. என் மனைவி சலவைக் கடை கவுன்ட்டரில் இருக்கிறாள். எங்கள் இரண்டு பேர் வம்சத்திலும் இதுவரை யாரும் மளிகைச் சீட்டுக்கு மேல் நீளமாக எதையும் எழுதியதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பெண் முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? தங்கள் பதில் வந்த மறுநாளிலிருந்து நான் பார்க்கும் கட்டடங்களில் எல்லாம் சொல்லிவிட்டேன். லிஃப்டுக்குள் ஏறிய மனிதன் எங்கே போவான், அவன் மாடி வரும் வரை கேட்டுத்தானே ஆக வேண்டும். ஆறாவது மாடி ஆடிட்டர் மட்டும் இப்போது படியேறிப் போகிறார். உடம்புக்கு நல்லது என்கிறார்.

எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, கதை என்ன என்பது. எனக்குத் தெரியாது. மகளிடம் கேட்டேன். கொஞ்சம் தயங்கித்தான் பிரதியைக் கொடுத்தாள். ஏன் தயங்குகிறாள் என்று அப்போது புரியவில்லை. மறுநாள் டிபன் டப்பாவோடு அதையும் பையில் வைத்துக்கொண்டு போய், மொட்டை மாடிக்கு மேலே இருக்கும் மெஷின் ரூமில், மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து திறந்தேன். எனக்கு வாய்விட்டுப் படித்துத்தான் பழக்கம், மனதுக்குள் படித்தால் ஏறாது. அதிலும் என் மகள் எழுதியது என்பதால் சத்தம் கொஞ்சம் தாராளமாகவே வந்துவிட்டது. 'அன்று காலை கயிறு அறுந்தது. லிஃப்ட் பாதாளத்தை நோக்கிப் பாய்ந்தது. உள்ளே இருந்தவரை இனி யாராலும் காப்பாற்ற முடியாது.' இதுதான் ஆரம்பம். மெஷின் ரூம் தரையில் கயிறு இறங்குவதற்கு ஓட்டைகள் உண்டு சார். மேலே பேசினால் கீழே கிணற்றில் பேசின மாதிரி கேட்கும். அந்த நேரம் பார்த்து நாலாவது மாடிப் பல் டாக்டர், மரத்துப்போகும் ஊசி போட்ட ஒரு நோயாளியை எக்ஸ்ரே எடுக்கக் கீழே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். உச்சியிலிருந்து ஒரு குரல் கயிறு அறுந்தது என்று அறிவித்தால் என்ன செய்வார், சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது. நோயாளிக்கு வாய் மரத்திருந்ததால் கத்தவும் முடியவில்லை, பாவம், டாக்டரின் சட்டையைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார்.

நான் ஓடிப்போய் லிஃப்டைச் சரியாக மாடிக்குக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்தேன். திறந்ததும் வழக்கம்போல "முதல்ல தரையப் பாருங்க" என்றேன். இது என் வாயில் ஊறிப்போன வார்த்தை. கதவு திறந்துவிட்டால் லிஃப்ட் வந்துவிட்டது என்று நினைத்து, செல்போனைப் பார்த்துக்கொண்டே கால் வைக்கிறார்கள். கதவு திறப்பது வேறு, தரை வந்திருப்பது வேறு. எங்கள் தொழிலில் நடக்கும் பெரிய விபத்தெல்லாம் இதனால்தான். அந்தப் பயத்தில் கடை, பஸ், பள்ளிக்கூடம் என்று எந்தக் கதவைப் பார்த்தாலும் சொல்லிவிடுவேன். போன வருடம் அவள் தோழிகள் முன்னால் வகுப்பறை வாசலில் சொல்லப்போக, பிள்ளைகள் எனக்குத் 'தரை மாமா' என்று பேர் வைத்துவிட்டார்கள். இனிமேல் நாலு பேர் முன்னாடி அதைச் சொல்லாதீங்க என்று என் மகள் கெஞ்சிக் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் பக்கத்தில் இருந்தால் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொள்கிறேன். அது கிடக்கட்டும். வெளியே வந்த டாக்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எந்தக் கயிறு அறுந்தது என்று கேட்டார். என் பொண்ணு எழுதின கயிறு என்றேன். அந்த நிலைமையிலும் எனக்கு உள்ளூரப் பெருமைதான். முதல் வரியிலேயே ஒரு பல் டாக்டரை நடுங்க வைக்கிற எழுத்து எத்தனை பேருக்கு வாய்க்கும், சொல்லுங்கள்.

அதற்குப் பிறகுதான் நிதானமாக அந்தப் பக்கத்தை மறுபடி படித்தேன். உள்ளே இருந்தவர் கதாநாயகியின் அப்பா. பின் பாக்கெட்டில் ஸ்பேனர், மூக்கால் பாடும் பாட்டு, இடது புருவத்தில் தழும்பு. நான் தழும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். சாவதில் எனக்கு மறுப்பில்லை சார், எல்லோரும் போக வேண்டியவர்கள்தான். கயிறு அறுந்து சாகக் கூடாது. ஒரு கயிறு போனால் மற்ற கயிறுகள் தாங்கும். எல்லாமே போனாலும், வேகம் மீறினால் இரும்புப் பிடி பக்கத்துத் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். என் கையில் இத்தனை வருடத்தில் ஒரு லிஃப்ட் விழுந்ததில்லை. நான் பார்த்துக்கொள்ளும் லிஃப்டில் நானே விழுந்து செத்தேன் என்றால், அதற்கப்புறம் நான் எப்படி வெளியே தலைகாட்டுவது? இதற்குள் பல் டாக்டர் புகார் கொடுத்து, எங்கள் சூப்பர்வைசர் கூப்பிட்டு அனுப்பி, கதை எழுதுவதாக இருந்தால் வேறு கம்பெனி லிஃப்டை வைத்து எழுதச் சொல் என்று கடிந்துகொண்டார். எனக்கு மேலே படிக்க மனசே வரவில்லை. சொந்தச் சாவைத் தாண்டி யார் படிப்பார்கள்?

வீட்டுக்கு வந்து மகளிடம் பேசிப் பார்த்தேன். அது நீங்கள் இல்லை, கதையில் வரும் அப்பா என்றாள். தழும்பைக் காட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி, அந்த அப்பாவை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பிவிடு என்றேன். வெளிநாட்டுக்குப் போனாலும் மணிக்கொரு தரம் போன் பண்ணி எங்கே இருக்கிறாய் என்று கேட்பீர்கள் என்றாள். படுத்த படுக்கையாகவாவது வை என்றேன். "உங்கள அப்படி விட்டுட்டு நான் எங்கப்பா போவேன்?" என்றாள். நியாயம் கேட்கலாம் என்று அம்மாவின் கதி என்ன என்று விசாரித்தேன். கதாநாயகி பிறந்தபோதே போய்விட்டாளாம். என் மனைவி பிரதி முழுவதையும் எனக்கு முன்னாலேயே படித்து முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டவள். தான் செத்ததில் அவளுக்குத் துளி வருத்தம் இல்லை. ஒரு வேலை மிச்சம் என்று சிரிக்கிறாள்.

இது என் மகளுக்கு மட்டும் வந்த புத்தியா என்று பார்க்க நூலகத்துக்குப் போனேன். நூலகர் இந்த வகைப் புத்தகங்களாகவே ஒரு கை நிறைய எடுத்துக் கொடுத்தார். ஒன்றில் அப்பா அம்மா கப்பலோடு போகிறார்கள். ஒன்றில் தீயில். ஒன்றில் காரணமே சொல்லாமல் காணாமல் போகிறார்கள். இந்தப் புத்தகங்களில் பெற்றவர்களின் ஆயுள் கூடிப்போனால் மூன்று பக்கம்தான். அப்புறம் அந்த அநாதைப் பிள்ளையின் தோளில் ஒரு மச்சம், பேசுகிற ஒரு பிராணி, ஒரு பழைய கதவு, அதைத் திறந்தால் வேறொரு லோகம். அங்கே இருக்கிற தாடி வைத்த பெரியவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டு, உலகத்தை நீதான் காப்பாற்ற வேண்டும் என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைக்கிறார்கள். எங்கள் கம்பெனியில் ஐந்து வருடம் உதவியாளாக இருந்தால்தான் மெஷின் ரூம் சாவியையே கையில் தருவார்கள். ஆனால் ஒன்று சார், என் மகளின் கதவு மற்ற கதவு மாதிரி இல்லை. என் மனைவி சொன்னாள், அப்பா செத்த லிஃப்டில், தரைத்தளத்துக்குக் கீழே, எண் போடாத ஒரு பொத்தான் இருக்கிறதாம். அதை அமுக்கினால் போகலாமாம். இந்த யோசனை வேறு யாருக்காவது வந்ததா? நூலகத்தில் இல்லை, நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

குறை மட்டும் சொல்லக்கூடாது என்று, அப்பா உயிரோடு இருக்கும்படி நானே ஒரு தடவை எழுதிப் பார்த்தேன். கதாநாயகி லிஃப்டில் ஏறுகிறாள். எண் இல்லாத பொத்தானைப் பார்க்கிறாள். தெரியாத பொத்தானை அமுக்கக் கூடாது என்று அப்பா சொல்லியிருப்பதால் அமுக்கவில்லை. அப்படியும் லிஃப்ட் நின்றுவிடுகிறது. அவள் மணியை அடிக்கிறாள். அப்பா சாவியோடு வந்து கதவைத் திறக்கிறார். இருவரும் வீட்டுக்குப் போய்ச் சூடாக டீ குடிக்கிறார்கள். இரண்டாம் பக்கத்திலேயே சுபமாக முடிந்துவிடுகிறது, தங்களுக்கும் காகிதச் செலவு மிச்சம். என் மகள் அதை வாங்கி நின்றபடியே படித்தாள். மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "பரவால்லப்பா. புக்கே வேணாம்னு அவங்களுக்கு எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதிலிருந்து என்னோடு பேச்சே கிடையாது. சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஐயா, புத்தகம் வர வேண்டும். அது வராவிட்டால் எனக்குத் தூக்கம் கிடையாது. ஆனால் என் இடத்தில் கையெழுத்துப் போட உட்கார்ந்தால் அந்தக் கயிறு கண் முன்னால் வந்து நிற்கிறது. தாங்கள் படித்தவர், தாங்கள் சொன்னால் அவள் கேட்பாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாமல், அப்பா பிழைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று தங்கள் யோசனை மாதிரி ஒரு வரி எழுதினால் போதும். அது வந்ததும் கையெழுத்திட்டு அனுப்பிவிடுகிறேன்.

தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். தாங்கள் ஏறும் லிஃப்டெல்லாம் தாங்கள் கேட்ட மாடியிலேயே நிற்கட்டும்.

இப்படிக்கு,
இந்த நிமிடம் வரை உயிரோடு இருக்கும்,
அவளுடைய அப்பா

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதை எல்லாம் தயவுசெய்து மறந்துவிடவும். உறையை ஒட்டுவதற்கு முன் பிழை பார்க்கச் சொல்லி இதை என் மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "நீங்க உயிரோட இருந்தா அவ அந்தப் பொத்தானத் தொடவே மாட்டா. தெரியலையா உங்களுக்கு?" என்றாள். பிறகு பிரதியின் கடைசி அத்தியாயத்தைப் பிரித்து என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். கதாநாயகி எல்லா ஆபத்தையும் தாண்டிக் கடைசிக் கதவுக்கு வந்து நிற்கிறாள். கதவு திறக்கிறது. உள்ளே இருட்டு. இருட்டுக்குள்ளிருந்து அவள் அப்பாவின் குரல், அச்சு அசலாக, 'ஓடி வாம்மா' என்று கூப்பிடுகிறது. அவள் ஓடவில்லை. அது அப்பா இல்லை, மந்திரவாதி என்று அந்த ஒரு வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுகிறாள். அவள் அப்பாவாக இருந்தால் 'ஓடி வா' என்று சொல்லியிருக்கவே மாட்டாராம். 'முதல்ல தரையைப் பார்' என்றுதான் சொல்லியிருப்பாராம். குனிந்து பார்க்கிறாள். தரை இல்லை, அதல பாதாளம்.

அப்புறம் முதலிலிருந்து மொத்தமும் படித்தேன் சார். அந்த லோகத்தில் ஒரு கதவு பாக்கி இல்லாமல் அவளுக்கு அந்த வார்த்தை ஞாபகத்துக்கு வருகிறது. செத்த மனுஷன் முந்நூறு பக்கத்துக்கு வாயை மூடவே இல்லை. நாலு பேர் முன்னாடி சொல்லாதீங்க என்று கெஞ்சின பெண், ஊர் உலகமே படிக்கிற மாதிரி அதை எழுதி வைத்திருக்கிறாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதனால் மேலே சில இடத்தில் மை பரவியிருக்கும், பொறுத்துக்கொள்ளவும். ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம். கயிறு அறுந்தது அறுந்ததாகவே இருக்கட்டும். எங்கள் சூப்பர்வைசருக்கு மட்டும் பிரதி அனுப்ப வேண்டாம். மற்றபடி பல் டாக்டருக்கு ஒன்று, படியேறும் ஆடிட்டருக்கு ஒன்று என் கணக்கில் எழுதிக்கொள்ளவும்.

கையெழுத்திட்ட தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். உறையில் போடும் முன் அவளிடம் காட்டலாம் என்று அவள் அறைக் கதவைத் தட்டினேன். திறந்தாள். தாளை வாங்கிப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வாசலிலேயே நின்றேன்.

"தரை இருக்குப்பா. உள்ள வாங்க" என்றாள்.