மேட்டு ஜீப்பில் ஏறிய பூனை

"2025 ஆகஸ்ட் 5, செவ்வாய். இன்று ஒரு சிறு தவறு தெரிய வந்தது. மூன்று வாரமாக வரைந்த அட்டைப்படத்தை ஒருமுறைகூடச் சின்னதாக்கிப் பார்க்கவில்லை."

எழுதிவிட்டு 'சிறு' என்ற சொல்லை அடித்தாள் சிவரஞ்சனி. கொஞ்சம் யோசித்து மறுபடி எழுதினாள்.

திரை முழுக்க விரித்துப் பார்த்தபோது படம் அருமையாகத்தான் இருந்தது. போடிமெட்டுக்கு ஏறும் பாதை, அதன் அத்தனை கொண்டை ஊசி வளைவுகள், ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப்பு, ஜீப்பு நிறையப் பெண்கள், ஆளுக்கொரு தூக்குவாளி, மேலே மூட்டம். ஆனால் வீடியோ விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையில் அது தபால்தலை அளவில்தான் தெரியும். அந்த அளவுக்குச் சுருக்கியதும் ஜீப்பும் போனது, பெண்களும் போனார்கள்.

"என்னத்தா இது, பாசி புடிச்ச தொட்டி கணக்கா இருக்கு?" என்றான் அண்ணன் முத்துக்கண்ணன்.

அந்த விளையாட்டை உருவாக்கியவன் அவன். பெயர், மேட்டு ஜீப்பு. தூக்குவாளியில் இருக்கும் ரசம் சிந்தாமல் ஆட்களை மலையேற்றி இறக்க வேண்டும். சென்னை வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடமாக அதையே கட்டிக்கொண்டு அழுகிறான். சனிக்கிழமை விடியலில் அந்தக் கடையில் புது விளையாட்டுகளுக்கான திருவிழா. வெள்ளி மாலைக்குள் படத்தை ஏற்றிவிட வேண்டும், அதன் பிறகு திருவிழா முடியும்வரை மாற்ற முடியாது.

"படத்தைத் தொட்டாத்தான் உள்ள வருவாங்க. ஒருத்தனும் தொடலைன்னா மாமாவோட உரக்கடைதான் எனக்கு" என்றான்.

அண்ணன் உரமூட்டை தூக்குவதை நினைத்துப் பார்த்தாள் சிவரஞ்சனி. அவனுக்கு மண்வாசனையே தும்மல் வரவைக்கும்.

பகலில் அவளுக்கு ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர் வேலை. மாலையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓவிய வடிவமைப்பு வகுப்பு. அன்றைக்கு வகுப்பில் கிருபாராணி டீச்சர் படத்தைக் கைபேசியில் பார்த்துவிட்டு, "இதுல எது முக்கியமோ அதை மட்டும் வச்சுக்க" என்றார்.

வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக அழித்தாள். கடைசியில் மூட்டத்துக்குள் திரும்பும் ஒரு ஜீப்பு, இரண்டு சிவப்பு விளக்கு, பின்னால் உட்கார்ந்து தூக்குவாளியை நெஞ்சோடு அணைத்திருக்கும் ஒரு பெண், அவ்வளவுதான் மிஞ்சியது. சுருக்கினாலும் தெரிந்தது. டீச்சருக்கு அனுப்பினாள்.

"நல்லாருக்கு. ஆனா நான் சொல்றது கணக்கில்ல. வெளையாட்டுன்னா என்னன்னே தெரியாதவங்ககிட்டக் காட்டு. மத்த படங்களோட கலந்து வையி. எதையும் வெளக்காதே. எதைத் தொடுறாங்கன்னு மட்டும் பாரு" என்று பதில் வந்தது.

'நல்லாருக்கு' என்பதோடு நிறுத்துகிற ஆள் இல்லை சிவரஞ்சனி. அந்தச் சொல்லில் அவளுக்கு நம்பிக்கையும் இல்லை.

புதன்கிழமை தன் படத்தையும் வேறு எட்டு விளையாட்டுகளின் படங்களையும் தபால்தலை அளவில் அச்சடித்து வெட்டினாள். மதியச் சாப்பாடு முடிந்ததும் கடையின் பின்கட்டுக்குப் போனாள். அங்கே மருதாயியும் இன்னும் ஐந்து பெண்களும் ஏலக்காய் பொறுக்குவார்கள். வெடித்தது, வெளுத்தது, புழு அரித்ததையெல்லாம் தட்டிலிருந்து எடுத்துத் தள்ளும் சோலி. காலியாக இருந்த ஒரு தட்டில் தன் படத்தை முதலாவதாக வைத்து, மற்றவற்றை மூன்று மூன்றாக வரிசை பிசகாமல் அடுக்கினாள்.

"ஆளுக்கு ஒன்னே ஒன்னு எடுங்கக்கா. பாத்துட்டுத் திரும்ப அதே எடத்துல வச்சிருவேன்."

"எதுக்குத்தா? சீட்டுக் குலுக்கலா?" என்றாள் சந்திரவல்லி.

"வெளக்கக் கூடாதாம்."

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளை படமா இருக்கும். எடுங்கடி, அழகனா எடுங்க!" என்றாள் மருதாயி.

சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். ஆறு பேரும் எடுத்தது ஒரே படம். தொப்பி போட்ட ஒரு பூனை.

சிவரஞ்சனி மறுபடி எண்ணிப் பார்த்தாள். ஒருத்தர் இரண்டு பேர் என்றால் தற்செயல். ஆறுக்கு ஆறு!

மாலையில் ஜீப்பின் முன்பக்கம் ஒரு பூனை ஏறி உட்கார்ந்தது.

"வெளையாட்டுல பூனையே இல்லையேத்தா?" என்றான் முத்துக்கண்ணன்.

"வச்சிருண்ணே. இல்லாததைப் படத்துல போட்டா ஏமாத்துன மாதிரி ஆயிரும்."

"ஏலத்தோட்டத்துக்குப் பூனை என்ன, பொறுக்கவா போகுது?"

இருந்தாலும் வைத்தான். உரக்கடை ஞாபகம் வந்திருக்கும்.

வியாழக்கிழமை, பெண்களுக்கு அலுத்துப்போகக் கூடாதென்று மற்ற எட்டுப் படங்களையும் மாற்றினாள். பூனையோடு வந்த தன் படத்தை வழக்கம்போல முதலாவதாக வைத்தாள். ஆறு பேரும் அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஆறு பேரும் எடுத்தது, அரிவாளோடு ஓடும் ஒரு கல்யாணப் பெண்ணை.

"அண்ணே, ஒரு கல்யாணப் பொண்ணு வேணும்."

"எனக்கே இன்னும் பாக்கலை."

"ஜீப்புக்குண்ணே! பின்னாடி உக்காந்திருக்கிற அக்காவைக் கல்யாணப் பொண்ணா மாத்திட்டேன். கையில அரிவாள்."

முத்துக்கண்ணன் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தான். "ஏ ரஞ்சனி, வெளையாட்டுக்கு அட்டையா, அட்டைக்கு வெளையாட்டா?"

"ஆறு பேருண்ணே. ஆறு பேரும்."

"சரி. ஏழாம் வளைவுல நின்னு கை காட்டுறா, ஏத்திக்கிறோம். அரிவாள் எதுக்கு?"

"எளநி வெட்ட."

வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கரண்டு போய், புதுப் படம் கைக்கு வர மதியம் தாண்டிவிட்டது. பெண்கள் டீ குடித்து முடிக்கும் நேரம். அவசரமாக மற்ற எட்டையும் அடுக்கிவிட்டு, மிச்சமிருந்த கடைசி இடத்தில், வலது மூலையில், தன்னுடையதை வைத்தாள். ஜீப்பு, பூனை, கல்யாணப் பெண், அரிவாள். அவளுக்கே பார்க்கக் கூச்சமாக இருந்தது.

"வெரசாக் காட்டுத்தா, மேஸ்திரி வந்துருவாரு" என்று மருதாயி கையை நீட்டினாள்.

எடுத்தாள். அந்தப் படத்தையேதான். அடுத்து சந்திரவல்லி. அடுத்தடுத்து எல்லாரும். ஆறுக்கு ஆறு!

சிவரஞ்சனி தட்டை அங்கேயே வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடி வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். "ஏத்திருண்ணே! எடுத்துட்டாங்க! அத்தனை பேரும்!"

மாலைக்குள் படம் ஏறிவிட்டது. அவள் வீட்டுக்குப் போனபோது முத்துக்கண்ணன் தன் விளையாட்டைத் தானே ஆடிக்கொண்டிருந்தான். ஏழாம் வளைவில் கல்யாணப் பெண் ஏறினாள், பூனை தாவி அவள் மடியில் விழுந்தது, ரசம் தளும்பித் தளும்பிச் சிந்தாமல் நின்றது. அவன் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"ரெண்டு வருசத்துல இன்னைக்குத்தான் நானே சிரிச்சு ஆடியிருக்கேன்த்தா."

சனிக்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பும் முன்பே முந்நூறு பேர் படத்தைத் தொட்டு உள்ளே வந்திருந்தார்கள். உரக்கடை மாமாவுக்கு அண்ணன் போன் போட்டு, இப்போதைக்கு வரவில்லை என்று சொன்னான். சிவரஞ்சனி ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நேராகப் பின்கட்டுக்குப் போனாள்.

"எல்லாம் உங்களாலதான்க்கா. எடுத்துக்கங்க."

பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தாள். நடுவில் முந்திரி பதித்த பெரிய துண்டு, நெய் மினுங்கிக்கொண்டு இருந்தது. மருதாயி கீழே வலது மூலையில் ஓரம் உதிர்ந்துபோன துண்டை எடுத்தாள். சந்திரவல்லி அதற்குப் பக்கத்துத் துண்டை எடுத்தாள். அடுத்தவள் அதற்கும் பக்கத்தில்.

"அக்கா, நடுவுல முந்திரியோட இருக்கே. ஏன் உதிந்ததை எடுக்குறீங்க?"

"கைப்பழக்கம்த்தா. தட்டுன்னு வந்தா வலது மூலையிலேர்ந்துதான் தொடங்கணும். நடுவுல கைய வச்சா பொறுக்குனது எது, பொறுக்காதது எதுன்னு தெரியாமப் போயிரும், மேஸ்திரி வையிவாரு."

சிவரஞ்சனி பெட்டியின் வலது மூலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப... என் படம்?"

மருதாயி மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டு நிதானமாக மென்றாள். "நாங்க எங்கத்தா படத்தைப் பாத்தோம்? நீ எடுக்கத்தானே சொன்னே."

அன்று மாலை வகுப்பு முடிந்து வந்து அவள் எழுதினாள்:

"ஆகஸ்ட் 9, சனி. தவறு: படங்களை இடம் மாற்றி வைத்துக் கேட்கவில்லை. அண்ணனிடம் சொன்னேன். சிரித்தான், பூனையை எடுக்க மாட்டேன் என்றான். நாளை: இணையக் கடையில் நம் படம் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்."