பெயரா, வினையா?

‘காத்திருந்தவர்’ என்ற சொல்லை ஞானதாஸ் பெயர்ச்சொல் என்று குறித்திருந்தார். வேளச்சேரியில் வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கும் ஷண்முகப்ரியா அதை வினைச்சொல் என்று குறித்து, பக்கத்தில் ஒரு வரியும் எழுதியிருந்தாள்: “காத்திருக்கிறது ஒரு வேலை இல்லையா சார்?”

அந்த வரியை ஞானதாஸ் நான்கு முறை படித்தார்.

அடையாறு அலுவலகத்தில் கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்கிற வேலை. ஒரே வாக்கியங்களை இருவர் தனித்தனியாகப் பார்த்து, எது பெயர், எது வினை என்று குறிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஒப்பிடுவார்கள். அவளை அவர் பார்த்ததே இல்லை. நாற்பத்திரண்டு வயதில் அவருக்கென்று வருகிற எழுத்து அந்தக் குறிப்புகள் மட்டும்தான். அதற்காகவே சண்டையை வளர்த்தார்.

“ஒத்துப்போறது எழுபத்தொரு பர்சன்ட்தான்,” என்றார் மேனேஜர் சுயம்புலிங்கம். “இனிமே குறிப்பு எழுதக் கூடாது. தொண்ணூறு வரலைன்னா ஜோடியைப் பிரிச்சிடுவேன்.”

‘ஜோடி’ ஞானதாஸின் காதிலேயே தங்கிவிட்டது. பன்னிரண்டு வருடம் பள்ளியில் வினையாலணையும் பெயர் நடத்தியவர், மனதைக் கல்லாக்கிக்கொண்டு, வந்தவர், போனவர், காத்திருந்தவர் எல்லாரையும் அவள் விருப்பப்படி வினையாக்கினார்.

வெள்ளிக்கிழமை ஐம்பத்தெட்டு. அவள் அத்தனையையும் பெயர் என்று குறித்திருந்தாள்.

மனம் மாறிவிட்டாள் போலும் என்று அடுத்த வாரம் அவரும் பெயருக்குத் திரும்பினார். அவளோ வினைக்குப் போயிருந்தாள். நாற்பத்தொன்பது.

மூன்று நாள் சாயங்காலம் பெசன்ட் நகர் கடற்கரையில் தனியாக நடந்தார். வேண்டுமென்றே எதிராகக் குறிக்கிறாள். தன்னோடு வேலை பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. வேறு என்ன நினைப்பது?

திங்கட்கிழமை மேனேஜர் எதிரில் போய் நின்றார்.

“என்னை வேற ஃபைலுக்கு மாத்திடுங்க சார். அவங்க இதுலயே இருக்கட்டும்.”

“என்னய்யா, உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல சார். அவங்களுக்குத்தான்...”

பர்சன்ட் கணக்குப் போடும் புஷ்பம் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாள்:

“அவங்களும் காலையில ஃபோன்ல இதையேதான் சொன்னாங்க சார். ‘ரெண்டு வாரமா, அவர் முந்தின வாரம் போட்ட மாதிரியே போட்டுப் பார்த்துட்டேன், அப்பவும் அவருக்கு என்னைப் பிடிக்கல’ன்னு அழுவுறாங்க.”