ஏழாம் நம்பர் மலைப் பேய்

மர்மக் கதை எழுதுகிறவனுக்கு வாசகர்களைவிட ஒரு விஷயமாவது கூடுதலாகத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்று குறைவாகத் தெரிந்திருந்தது.

எழுபதுகளின் கடைசி. இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம்) எனக்கு வேலை. தை மாதம் புஷ்பத்தோடு கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். அவளுடைய அப்பா கோயில் கமிட்டித் தலைவர். சாராய வாடை அடிக்கிறவனைத் தேர்வடத்தைத் தொடவிட மாட்டார். அவர் மனம் கோணாமல் தை வரை ஓட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். சும்மா இருந்திருக்கலாம். நான் பேய்ப் படக்கதைத் தொடர் வரைந்தேன்.

வாரம் ஒரு பாகம், ஒரே பிரதி. சனிக்கிழமை சலூனில் தொங்கவிட்டால், அப்புறம் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் லயம் லயமாகச் சுற்றும். ஏழாம் நம்பர் மலையில் ஒரு சாயங்காலம் பனிமூட்டத்துக்குள் கம்பளி போர்த்திய உருவம் ஒன்று போவதைப் பார்த்திருந்தேன். அதுதான் என் பேய். முகத்தைக் காட்டக் கூடாது, வாரம் ஒரு துப்பு மட்டும் கொடுக்க வேண்டும் என்பது என் உத்தி. (பெரிய உத்தி!) துப்புக்காகப் புதருக்குள் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தேன். முதல் பாகத்தில் உள்பக்கம் வளைந்த இடது பாதம். இரண்டாம் பாகத்தில் கம்பளியில் சாக்கு ஒட்டு. மூன்றாம் பாகத்தில் தலையில் பானை.

ஆனால் தொடரைப் படித்தவர்கள் யாரும் பயப்படவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் புஷ்பம் வழிமறித்தாள்.

"இதோட நிறுத்திருங்க."

"ஏன், பயமா இருக்கா?"

"ஆமா. உங்கள நெனச்சாத்தான் பயமா இருக்கு."

நிஜமாகவே பயந்த ஒரே வாசகர் புஷ்பத்தின் அப்பா, என் வருங்கால மாமாதான். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டார். முகமெல்லாம் வேர்வை.

"மாப்ள, அந்தப் பேய் எந்தப் பக்கமா வருது?"

"பெரிய பாறைக்கிட்ட மாமா."

"முருகா! அங்கிட்டுத்தானே..." என்று நிறுத்திக்கொண்டார். "அது யாருன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"சனிக்கிழமை பாருங்க மாமா" என்றேன், கர்வத்தோடு. எனக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வது?

நாலாம் பாகத்தில் பாறைக்குப் போகும் வழியை வரைந்து, பானை இருக்கும் இடத்துக்கு அம்புக்குறி போட்டு, 'உள்ளே என்ன? தொடரும்' என்று முடித்தேன். தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவுக்கு அடுத்த சனிக்கிழமை வரை பொறுமை இல்லை. காவல்காரரோடு போய்ப் பார்த்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை, ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பானை நடுவில் இருந்தது. கசிப்பு, அதாவது கள்ளச் சாராய வாடை குப்பென்று அடித்தது.

"டேய், யாருடா ஒன் பேயி?" என்றார் கண்டாக்கையா.

"அடுத்த வாரங்க ஐயா..."

மொத்தப் பெரட்டும் என்னை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தது. மாமா குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். பிறகு போர்த்தியிருந்த கம்பளியின் சாக்கு ஒட்டைத் தடவினார். அவர் காலில் எத்தனையோ முறை விழுந்து கும்பிட்டவன் நான். அப்போதுதான் எனக்கும் விளங்கியது.

"அப்ப... அந்தப் பேயி நாந்தானா?" என்றார். குரலில் அப்படி ஒரு நிம்மதி. "ஒரு மாசமா விபூதி பூசாம அந்தப் பக்கம் போனதில்லயேப்பா!"

கமிட்டித் தலைவர் பதவி அன்றைக்கே போயிற்று. "இவனுக்குப் பொண்ணு குடுக்க மாட்டேன்" என்று மாமா குதித்தார். புஷ்பம்தான் சமாளித்தாள். "கண்ணு முன்னால இருக்கிறது தெரியாத ஆளு, புருசனா வாய்க்கக் குடுத்து வச்சிருக்கணும்ப்பா!" தை போய், சித்திரையில் கல்யாணம் நடந்தது.

இன்றைக்கும் டின்னில் இருந்த முறுக்கை யார் தின்றது என்று நான் கேட்டால், என் மகள் தாளும் பென்சிலும் கொண்டுவந்து வைக்கிறாள்.

"வரஞ்சு குடுங்கப்பா. யாருன்னு நாங்க சொல்றோம்."