பதினொரு சனிக்கிழமைகள் வராததற்கு விளக்கம்

சாந்தோ தொமிங்கோ,
வியாழக்கிழமை, மழை விட்ட பிறகு.

மதிப்பிற்குரிய எர்சிலியா பெரியம்மாவுக்கு,

ஆசி கேட்டு எழுதுகிறேன். "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும், மகளே" என்று நீங்கள் சொல்வதற்காக இதற்குக் கீழே ஒரு வரி இடம் விடுகிறேன். தயவுசெய்து இப்போதே சொல்லிவிடுங்கள். கடிதத்தைப் படித்து முடித்த பிறகு சொல்வீர்களா என்பது நிச்சயமில்லை.

.........................................

நன்றி. நான் நலம். அம்மா நலம். உங்கள் முழங்கால், பார்லரின் ஜெனரேட்டர், கல்யாணப் பெண்ணான உங்கள் மகள் வெந்தோலின் ஆகிய மூன்றும் அங்கே நலமாக இருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். முதல் சனிக்கிழமை எனக்குச் சளி என்று சொன்னேன். சளி இல்லை. இரண்டாவது சனிக்கிழமை ஆய்வேட்டு வேலை என்றேன். வேலை இருந்தது, அன்று நான் அதைத் தொடவில்லை. மூன்றாவது வாரம் உங்கள் ஊர் சான் கிறிஸ்தோபலுக்கு வேன்கள் ஓடவில்லை என்றேன். அதே வேனில் அன்று காலை தலைநகரிலிருந்து நான்கு பேர் உங்கள் பார்லர் வாசலில் வந்து இறங்கியதாக அம்மா பிறகு சொன்னாள். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பயந்து நான்காவது வாரம் டெங்கு என்று சொல்லிவிட்டேன். நீங்கள் ஒரு பெரிய பாத்திரம் நிறையக் கோழி சூப் அனுப்பினீர்கள். குடித்தேன். டெங்கு இல்லாதவர்களுக்கும் அது நன்றாகவே இருக்கிறது.

உண்மை இதுதான். முடியை வெட்டிவிட்டேன். ஒரு விரல் அகலம் மட்டும் விட்டு, முழுவதும். இனி நேராக்கிக்கொள்வதாக இல்லை.

இந்த வரியில் நீங்கள் எழுந்து நின்றிருப்பீர்கள். உட்காருங்கள். முழங்கால்.

காரணம் என் ஆய்வேடு. தலைப்பை உங்களிடம் மறைத்தே வைத்திருந்தேன். "நல்ல முடி, கெட்ட முடி: அழகு நிலையங்களில் அதிகாரத்தின் சுழற்சி." நூற்று நாற்பது பக்கம். பிறந்தபடி சுருண்டிருக்கும் முடியை இந்த நாடு ஏன் கெட்ட முடி என்கிறது என்று மிகுந்த கோபத்தோடு கேட்டிருக்கிறேன். அந்தக் கோபம் முழுவதையும் உங்கள் டிரையருக்கு அடியில் உட்கார்ந்து, தலையில் இருபத்திரண்டு ரோலர்களுடன் எழுதினேன். மூன்றாம் அத்தியாயத்தில் "ஒடுக்குமுறையின் வெப்பம்" என்று ஒரு தொடர் வரும். அது உங்கள் டிரையர். பெரியம்மா, அப்போது எனக்கு அதில் ஒரு முரண்பாடும் தெரியவில்லை. கழுத்து மட்டும் வலித்தது.

பிறகு துறையில் ஒரு கூட்டத்தில் ஆய்வை விளக்கிப் பேசினேன். தோள் வரை பளபளவென்று நேரான முடி, வெள்ளிக்கிழமை நீங்கள் தனியாகச் செய்துவிட்டது. முதலாண்டு மாணவி ஒருத்தி கை தூக்கினாள். தொந்தரவு கொடுக்கும் எண்ணமே இல்லாத முகம். "அக்கா, உங்களோடது எந்த வகைச் சுருள்?" என்று கேட்டாள்.

தெரியவில்லை.

ஏழு வயதில், தேவாலயத்தில் முதல் நற்கருணை வாங்குவதற்கு முந்தைய நாள் நீங்கள் எனக்கு முடியை நேராக்கும் கிரீம் போட்டீர்கள். எரியுது பெரியம்மா என்றேன். "எரியுதுன்னா வேலை செய்யுதுன்னு அர்த்தம், பொறுத்துக்கோ" என்றீர்கள். அதற்குப் பிறகு பதினாறு வருடம் என் முடி எப்படியிருக்கும் என்று நான் பார்த்ததே இல்லை. உலகத்தின் சுருள்களைப் பற்றியெல்லாம் மேற்கோளோடு பேசத் தெரிந்தவளுக்குச் சொந்தத் தலை அந்நியம். அன்று மாலை கத்திரி வாங்கினேன். துணிச்சல் என்று நினைக்க வேண்டாம். வெட்கம்.

வெட்டிய மறுநாள் முட்டை வாங்கப் போனேன். மூலைக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு நாளா தெருவுலயே கரண்ட் இல்ல. உனக்கு மட்டும் எங்கேம்மா ஷாக் அடிச்சுது?" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நான் அதிகாரமும் நகைச்சுவையும் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, முட்டையை மறந்துவிட்டு வந்தேன்.

அறைத்தோழி பெர்லாதான் என்னை வகைப்படுத்தினாள். அவள் இந்த விஷயத்தில் கரைகண்டவள். முடியில் நான்கு வகையாம். ஒன்று நேர், இரண்டு அலை, மூன்று சுருள், நான்கு ஸ்பிரிங் போல இறுகியது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஏ, பி, சி என்று சுருளின் பருமனுக்கு ஏற்ற பிரிவு. ஒரு சாக்பீஸ், ஒரு தடித்த மார்க்கர், ஒரு பென்சில், ஒரு பேனா ரீஃபில் எல்லாம் எடுத்துவந்து, என் சுருள்கள் எதைச் சுற்றிச் சரியாக உட்காருகின்றன என்று ஒரு ஞாயிறு முழுக்க அளந்தாள். பிடரியில் பென்சில், அதாவது மூன்று சி. காதுக்கு மேல் ரீஃபில், நான்கு ஏ. உச்சியில் வட்டமே கிடையாது, மடக்கி மடக்கிப் போகிற கோடு, நான்கு பி. நெற்றிக்கு மேலே ஒரு கொத்து மட்டும் உங்கள் டிரையரின் சூட்டை இன்னும் மறக்காமல் விறைப்பாக நேரே நிற்கிறது. அதற்கு எண்ணே இல்லை. "உன் தலை கூட்டணி ஆட்சிடி. முன்னால நிக்கறவரு பழைய கட்சி" என்றாள் பெர்லா.

அடுத்து, முடி தண்ணீரை எவ்வளவு உறிஞ்சும் என்று தெரிய வேண்டுமாம். ஒரு முடியைத் தண்ணீர் டம்ளரில் போட வேண்டும். மிதந்தால் உறிஞ்சாது, மூழ்கினால் உறிஞ்சும். என் முடி பாதியில் நின்றது. முக்கால் மணி நேரம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன். என்னைப் போலவே முடிவெடுக்கத் தெரியாத ஒன்று என் தலையிலேயே முளைத்திருக்கிறது என்று தோன்றியது. பிறகு தாகத்தில் மறந்துபோய் அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டேன்.

சுருள் கலையாமல் இருக்க ஆளிவிதையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, கூழ் போல ஒன்று செய்து குளிர்பெட்டியில் வைத்தேன். வீட்டுக்கார அம்மா கிரிசெல்தா அதில் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்து முழு ஜாடியையும் குடித்துவிட்டார். வயிற்றுக்கான கஷாயம் என்று நினைத்தாராம். நான் பதறிப்போய்ச் சொன்னேன். அவர் பதறவில்லை. "நாலு நாளா அடைச்சுக்கிட்டு இருந்தது, புண்ணியவதி. வாராவாரம் செய்யி" என்றார். செய்கிறேன். பாதி அவருக்கு, பாதி தலைக்கு. அவருக்குக் கிடைக்கிற பலன் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கழுவும் முறையும் தலைகீழ். நுரை வரும் ஷாம்பூ எப்போதாவதுதான். ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனர் போட்டு, விரலால், நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுக்க வேண்டும். காய்ந்தபின் சீப்பு கூடாது. துண்டு கூடாது, பழைய பருத்திச் சட்டையால் கசக்கிப் பிழிய வேண்டும். தலையணைக்கு வழுவழுப்பான உறை. இவ்வளவும் செய்து காலையில் எழுந்தால் இடது பக்கம் உற்சாகமாகவும் வலது பக்கம் துக்கத்திலும் இருக்கிறது. நான் எந்தப் பக்கம் படுத்தேன் என்று பல்கலைக்கழகம் முழுவதற்கும் தெரிகிறது.

போன வாரம் மழை. பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். முதல் துளி விழுந்ததும் கை தானாகப் பைக்குள் போய்க் கடைப் பிளாஸ்டிக் பையை எடுத்துத் தலையில் மாட்டி, காதுப் பக்கம் முடிச்சும் போட்டுவிட்டது. பதினாறு வருடப் பழக்கம். மழை பட்டால் நேராக்கிய முடி போச்சு. என் முடியில் இப்போது போவதற்கு என்ன இருக்கிறது? தண்ணீர்தான் அதற்கு மருந்து. தெரிந்தும் கழற்றவில்லை. பக்கத்தில் இரண்டு பெண்கள் அதேபோல் பையோடு நின்றிருந்தார்கள். "சனிக்கிழம செஞ்சதா?" என்று ஒருத்தி என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். பொய். ஆனால் அந்தப் பைக்குள் இருந்த ஐந்து நிமிடமும் எனக்குச் சுகமாக இருந்ததை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

தேர்வுக்குழுவின் முன் ஆய்வேட்டுக்காக வாதிட்டது சென்ற திங்கட்கிழமை. புதிய தலையோடு, சுருளெல்லாம் கூழ் போட்டுத் தூக்கி நிறுத்தி, ஒரு கொடியைப் போலப் போய் நின்றேன். குழுத் தலைவர் முழு வழுக்கை. என் தலையை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அடிக்குறிப்புகளில் பதிப்பு ஆண்டு விட்டுப்போனதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசிவிட்டுத் தேர்ச்சி கொடுத்தார்கள்.

இனி, சொல்லக் கஷ்டமான பகுதி.

ஞாயிறுதோறும் வீடியோவில் உங்களோடு பேசியபோது தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தேன். நம் வீட்டில் ஸ்கார்ஃப் என்றால் உள்ளே நேராக்கிய முடியைத் தலையைச் சுற்றி வாரி, ஊசி குத்தி வைத்திருக்கிறது என்று பொருள். நீங்கள் அப்படித்தான் எடுத்துக்கொண்டீர்கள். போனைத் திருப்பி, வரிசையில் ரோலரோடு உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் என்னைக் காட்டினீர்கள். "பாருங்கடி என் தங்கச்சி மகள. பார்லருக்கு வர முடியாட்டியும் தலையச் சுத்திக் கட்டி எப்படிக் காப்பாத்தறா. வளர்ப்புன்னா இது" என்றீர்கள். ஸ்கார்ஃபுக்குள் மூன்று விரல் அளவு முடி. நான் புன்னகைத்தேன். இந்தப் பதினொரு வாரத்தில் நான் சொன்ன பொய்களிலேயே அந்தப் புன்னகைதான் பெரியது.

வருகிற சனிக்கு அடுத்த சனி வெந்தோலினின் கல்யாணம். வெள்ளிக்கிழமை விடியலில் வீட்டுப் பெண்கள் எல்லோரும் வரிசையாக உங்கள் முன் உட்காருவார்கள். மணத்தோழி நான், எனக்கு இரண்டாவது நாற்காலி. பெரியம்மா, அந்த நாற்காலி எனக்கு வேண்டாம். கிரீமும் வேண்டாம். இப்படியேதான் தேவாலயத்துக்கு வருவேன். புகைப்படத்தில் நிற்க வேண்டாம் என்றால் பெரிய மாமாவுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன், அங்கே இரண்டு பேர் மறையலாம். ஒரு பெண்ணின் தலை அவளுடையது. யார் மனம் நோகும் என்று பார்த்து அவள் தன் முடிவைத் தள்ளிப்போடக் கூடாது. இது என் ஆய்வேட்டின் நூற்று முப்பத்தெட்டாம் பக்கம்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அது எந்தப் பக்கத்திலும் இல்லை. பதினொரு வாரமாக என் தலையை நானே கழுவுகிறேன். எல்லாம் முறைப்படி. ஆனால் யாரும் கழுத்துக்கு அடியில் கை கொடுப்பதில்லை. "ஆடாத, காதுல தண்ணி போகும்" என்று யாரும் அதட்டுவதில்லை. கழுவும் தொட்டியில் மட்டும் என்னைப் படுக்கவிடுவீர்களா? கழுவிவிட்டு அனுப்பிவிடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பெரியப்பாவுக்கும் பார்லரில் காத்திருக்கும் எல்லோருக்கும் என் அன்பு. உங்கள் கைகளுக்கும் முழங்காலுக்கும் கடவுள் பலம் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் ஆசியை நம்பியிருக்கும்
யுலைசி

பின்குறிப்பு: மேலே எழுதியிருப்பதில் எதையும், முக்கியமாக நூற்று முப்பத்தெட்டாம் பக்கத்தை, தயவுசெய்து பொருட்படுத்த வேண்டாம். கையெழுத்துப் போட்டு முடித்தபோது கதவு தட்டப்பட்டது. வெந்தோலின். கல்யாண உடைக்குக் கடைசி அளவு கொடுக்கத் தலைநகருக்கு வந்தவள், கையில் முக்காட்டுப் பெட்டி. கடிதத்தை அவளிடமே கொடுத்தனுப்பலாம் என்று எடுத்து நீட்டினேன். உறையில் போடுவதற்குள் படித்துவிட்டாள். நான் காப்பி போட உள்ளே போனேன். திரும்பி வந்தால் குளியலறைத் தரையில் அவள் முடி கிடக்கிறது.

பெரியம்மா, நான் அப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஐயோ, பெரியம்மா கொன்னுடுவாங்க. கல்யாணம் முடியட்டும்டி, அப்புறம் வெட்டிக்கலாம்." என் குரல்தான் அது. அவள் கத்திரியை நிறுத்தவில்லை. "நூத்தி நாப்பது பக்கம் எழுதினது எனக்கு இல்லையா?" என்றாள். பின்பக்கம் அவளுக்கு எட்டவில்லை. பாதியில் விட முடியாதே, மிச்சத்தை நான் வெட்டினேன். கல்யாண வாரத்தில் போடலாம் என்று மூன்று மாதமாக நீங்கள் கிரீம் போடாமல் விட்டுவைத்த முடிதான் மிஞ்சியிருக்கிறது. இரண்டு விரல். தலை முழுக்க ஒரே பென்சில் அளவு. கூட்டணி எதுவும் இல்லை, தனிப்பெரும்பான்மை. முக்காட்டைத் தலையில் செருகும் சீப்பை வைத்துப் பார்த்தோம். உள்ளே போனது அசையவில்லை, இரண்டு பேர் சேர்ந்து இழுத்துத்தான் எடுத்தோம். அழகாக இருக்கிறாள். இதை நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ரோலர் பிடிக்காத நீளம் என்று தெரிந்தும் கேட்கிறேன்: உங்களுக்குத் தெரிந்த வழி ஏதாவது உண்டா? ஒன்பது நாள் இருக்கிறது. இரண்டாவது நாற்காலியை எனக்கே வைத்திருங்கள், என் தலையில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், எரிகிறது என்று சொல்லவே மாட்டேன், அவளை மட்டும் திட்டாதீர்கள்.

நாலு மணி வேனுக்குக் கிளம்புகிறாள். ஸ்கார்ஃப் கொடுத்தேன், கட்ட மாட்டேன் என்கிறாள். கதவைத் திறந்ததும் முதலில் கடிதத்தை வாங்கிப் படியுங்கள், கொண்டுவந்தவளை அப்புறம் நிமிர்ந்து பாருங்கள். இதை முதல் வரியாக எழுதியிருக்க வேண்டும்.