விடுமுறைச் சோற்றுக்கு வந்த போட்டி

செட்டிபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

பேரன்புக்குரிய மச்சான் தெய்வநாயகம் அவர்களுக்கு,

கல்லடியில் தாங்களும் அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடும், தங்கள் மூட்டுவலி இக்கடிதம் சேருமுன் சற்றேனும் தணிந்திருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடும், ஓய்வுபெற்ற தபாலதிபர் அழகரத்தினம் எழுதிக்கொள்வது. போனில் சொல்லலாம்தான். ஆனால் எங்கள் வீட்டில் போனில் பேசுவது குசினி வரைக்கும் கேட்கும். சொல்லப்போகும் விடயமோ என் மனைவியும் தங்கள் தங்கையுமான தங்கேஸ்வரியைப் பற்றியது.

பள்ளிக்கூட விடுமுறையிலும் பிள்ளைகள் பசியோடு இருக்கக் கூடாது என்று அரசாங்கம் எங்கள் பாலர் பாடசாலைக் கட்டடத்தில் மத்தியானச் சாப்பாடு கொடுப்பதும், அதைச் சமைக்கும் பொறுப்பு தங்கேஸ்வரிக்குக் கிடைத்ததும் தாங்கள் அறிந்ததே. சோறு, பருப்பு, கீரை, முட்டை. முதல் கிழமை பிள்ளைகள் பீங்கானை வழித்துச் சாப்பிட்டார்கள். அடுத்த கிழமை வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள், சோற்றைப் பார்த்தார்கள், வயிறு முட்டச் சாப்பிட்டவர்கள் போல ஏவறை விட்டார்கள். வயிறு நிறைஞ்சிட்டு என்று எல்லாரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். கையை மணந்து பார்த்தால் மீன் சொதி வாசம். வாவி வற்றிக் கிடக்கும் இந்த நாளில் எந்த வீட்டில் மீன் சொதி? தங்கேஸ்வரி தனுஷியா என்ற சின்னப் பிள்ளையைப் பிடித்து விசாரித்தாள். "கண்ணாவுக்க இருக்கிற மாமி தந்தவ" என்றது பிள்ளை. வாவிக் கரையில் கண்ணா மரங்கள் இருட்டாய் அடர்ந்து நிற்கும் இடத்தைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். அங்கே வீடும் இல்லை, அடுப்பும் இல்லை. வேறு ஆளென்றால் பயந்திருக்கும். தங்கேஸ்வரிக்குக் கோபம் வந்தது, தனக்குப் போட்டியாக இன்னொரு சமையல்காரியா என்று. ஆனால் மருத்துவமாது வந்து நிறை பார்த்தபோது அந்தக் கோபமும் போய்விட்டது. எல்லாப் பிள்ளைகளும் மெலிந்திருந்தார்கள். தனுஷியாவின் சட்டை தோளில் நிற்கவில்லை.

என்னைப் போய்ப் பார்த்து வரச் சொன்னாள். அரசாங்க சேவையில் இருந்தவன் கண்ணா வேருக்குள் பதுங்குறது தரத்துக்குச் சரியில்லை எண்டு சொன்னன். அவள் அகப்பையைக் கீழ வைக்கேல்ல. போனன். அங்க காத்து இல்ல, மச்சான். ஒரு கொக்கும் இல்ல. பிள்ளைகள் சேத்துமண்ணில வரிசையா இருக்குதுகள். ஒவ்வொண்டுக்கும் முன்னால ஒரு தாமரை இலை, இலையில ஒண்டும் இல்ல. அந்த ஒண்டுமில்லாததைப் பிசைஞ்சு, உருட்டி, வாயில போட்டு விழுங்குதுகள். நடுவில வாய்க்குள்ள விரலை விட்டு முள் எடுத்து இலை ஓரத்தில வைக்குதுகள். வைச்ச இடத்திலயும் ஒண்டும் இல்ல. கிறுகித் திரும்பி ஓடுவம் எண்டு நினைக்கக்குள்ள, தனுஷியா என்னைத் திரும்பிப் பாக்காமலே, "ஐயா, உங்களுக்கும் வைச்சிருக்காம். ஆறிப் போகுமெண்டு மாமி சொல்றா" எண்டாள். என்ட காலடியில ஒரு இலை கிடந்தது. நான் வரக்குள்ள அது அங்க இல்ல. ஏன் இருந்தன் எண்டு கேட்காதீங்க, இருந்தன். வெறும் இலையில கையை வைச்சன், சுட்டிட்டு. விரல் கொப்பளிச்சுப் போய்க் கிடக்கு, அதாலதான் எழுத்து இப்பிடிக் கோணுது. சுட்ட விரலை வாயில வைச்சன். அதுதான் நான் விட்ட பிழை. நல்ல ருசி.

வீட்ட வந்து எல்லாத்தையும் சொன்னன். அவள் கேட்டது ஒண்டுதான். "புளி எப்பிடி?"

"அளவு" எண்டன். அவள் போய் எங்கட புளிச் சட்டியை மணந்து பாத்தாள்.

அடுத்த நாள் சோத்துப் பானையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால, பீங்கான்களோட நான் பின்னால, கண்ணாவுக்குப் போனம். ஆளில்லாத கண்ணாப் பத்தையைப் பாத்து, பக்கத்து வீட்டுப் பொம்பிளையோட கதைக்கிற மாதிரிக் கதைச்சாள். "அக்கா, உங்கட கைப்பக்குவத்தைக் குறை சொல்ல வரேல்ல. என்ட மனிசனே நல்லமெண்டவர். ஆனா அது இந்தப் புள்ளைகள்ர உடம்பில ஒட்டுதில்ல, பாருங்க, எலும்பு தெரியுது. முதல்ல என்ட சோத்தத் தின்னட்டும். உங்களுக்கும் ஒரு பீங்கான் வைக்கிறன். நீங்க எப்ப தின்னதோ."

பத்தைக்குள்ள ஒரு அசைவும் இல்ல. மறுகா ஆரோ கிட்ட நிண்டு மூச்சு விட்ட மாதிரி முகத்தில ஒரு சூடு பட்டுது. தனுஷியா இலையைத் தள்ளி வைச்சாள். "தங்கேஸ் மாமியிட்டச் சாப்பிடட்டாம்" எண்டாள். எல்லாரும் சாப்பிட்டுதுகள், பருப்புக்கு அடிபட்டுதுகள். பத்தைக்கு வைச்ச சோறு குறையேல்ல. ஆனா ஆவி பறந்துகொண்டிருந்த சோறு ஒரு நிமிசத்தில பச்சத்தண்ணியாக் குளிர்ந்திட்டு. வாயில வைச்சுப் பாத்தன், உப்புமில்ல, உறைப்புமில்ல, கடதாசி தின்ன மாதிரிக் கிடந்தது.

பிள்ளைகள் இப்ப தேறிற்றுதுகள். சந்தோசப்பட வேண்டியதுதான். ஆனா தங்கேஸ்வரி நிறுத்துறாள் இல்ல. நாள் தவறாம ஒரு பீங்கான் சோத்தோட கண்ணாவுக்குப் போறாள். வந்து, "கீரையை மூடாம அவிக்கட்டாம், அக்கா சொன்னவ" எண்டு எனக்குப் பாடம் எடுக்கிறாள். இண்டைக்கு விடிய ஏசினன். "அது ஆரெண்டு உனக்குத் தெரியுமா?" எண்டு கேட்டன். "நான் ஆரெண்டு அவவும் கேட்கேல்ல" எண்டுபோட்டுக் குசினிக்குள்ள போய்ட்டாள். நீங்கள் மூத்த அண்ணன், உங்கள் சொல்லைத் தட்டமாட்டாள். காட்டமாக நாலு வரி எழுதி அவளை மறிக்க வேண்டும்.

அக்காவுக்கு என் பணிவான வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு மாமாங்கப் பிள்ளையார் காவலாக நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மச்சான்,
க. அழகரத்தினம்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும் நேரம் தாங்கள் போன் எடுத்தீர்கள். தங்கேஸ்வரி என்னோடு கோபித்துக் காலை பஸ்ஸிலேயே கல்லடிக்கு வந்துவிட்டாள், அக்காவோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறாள் என்றீர்கள். அவளுடைய சிரிப்பும் பின்னால் கேட்டது. நான் "ஓம், ஓம்" என்று வைத்துவிட்டேன். மச்சான், நான் விடிந்ததிலிருந்து விறாந்தையில்தான் இருக்கிறேன். குசினிக்குள்ள தேங்காய் துருவுற சத்தம் இப்பதான் நிண்டது. பீங்கான் வைக்கிற சத்தம் கேட்குது, மீன் சொதி வாசமும் வருது. மேலே எழுதினதை எல்லாம் விடுங்க, அவளை ஏச வேண்டாம். அங்கேயே ஒரு கிழமை வைச்சிருங்க.