இடது கால் முப்பத்தொன்பது, வலது கால் முப்பத்துநாலரை

ஆற்றுகால் அம்மை துணை

திருவனந்தபுரம்,
ஆஸ்பத்திரி ஸ்கேன் அறை வாசல்,
வியாழன், பகல் பன்னிரண்டே கால்.

மரியாதைக்குரிய மைனி சுசீலாபாய் அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்டாட்டி உலகம்மை பணிவுடன் எழுதுவது. இவ்விடம் எல்லோரும் நலம் என்று முதல் வரியில் எழுதினேன். பிறகு ஸ்கேன் அறைக் கதவைப் பார்த்தேன். பொய் எழுதின கையால் சாயங்காலம் விளக்கேற்றக் கூடாது என்று அதை அடித்துவிட்டேன், அடித்தல் தெரிந்தால் மன்னிக்கவும். நீங்கள் செவ்வாய் முதல் மௌன விரதம் இருந்து போனைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கார அண்ணாச்சி நம்பருக்குக் காலையிலிருந்து ஆறு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. போன வாரம் குருவாயூரில் மூன்று நாள் பஜனம் இருந்துவிட்டு வந்த களைப்பு இன்னும் தீரவில்லை போலும், அவரை எழுப்ப வேண்டாம். கடிதம் வாசிப்பது மௌனத்துக்குப் பங்கமில்லை என்று நானே தீர்மானித்து எழுதுகிறேன். எங்கள் அடுத்த வீட்டு ஹரிகுமார் நாலரை மணி நாகர்கோவில் பஸ்ஸில் வருகிறார், கையில் தருவார்.

நடந்ததை நாள் வாரியாகச் சொல்கிறேன், பாலும் கேஸும் எழுதுகிற நோட்டு என் மடியில்தான் இருக்கிறது. உங்கள் தம்பியின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தால் நாகர்கோவிலிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தே வருவார் என்று நான் முருகனுக்கு நேர்ந்திருந்தது உங்களுக்குத் தெரியும். நேர்ந்தது நான், நடக்க வேண்டியது அவர். போன வாரம் வியாழக்கிழமை புறப்பட்டார். தினமும் போன் செய்தார். வியாழன் கூடங்குளம், வெள்ளி உவரி, சனி காலை மணப்பாடு, எல்லாம் குறித்திருக்கிறேன். பேச்சு அறுந்து அறுந்து கேட்டதற்குக் கடல்காற்று என்றார். சனி மாலை திருச்செந்தூர் இலை விபூதியோடு வந்து இறங்கினார். நான் அந்தக் காலில் விழுந்து கும்பிட்டேன் மைனி. அதை நினைத்தால் இப்போதும் முதுகு வலிக்கிறது.

ஞாயிறு முதல் ஒரு மாற்றம். கடைத்தெருவிலும் வீட்டிலும் வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியே திரிகிற மனுஷன், கணுக்கால் மூட இறக்கிவிட்டு நடக்கிறார். ‘முருகன் தந்த அடக்கம்’ என்று நோட்டில் எழுதினேன். திங்கட்கிழமை குளித்துவிட்டு வரும்போது பார்த்தால் இடது கெண்டைக்கால் வாழைத்தண்டு மாதிரி பளபளவென்று நிற்கிறது. ஜாக்கெட் அளக்கிற நாடாவை எடுத்தேன். இடது முப்பத்தேழு சென்டிமீட்டர், வலது முப்பத்துநாலரை. “எட்டி, நடந்த கால் வீங்காம பின்ன என்ன செய்யும்?” என்றார். நடந்தது ரெண்டு காலும்தானே, ஒண்ணு மட்டும் ஏன் வீங்குது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீங்கள் காய்ச்சித் தந்த எண்ணெயைச் சூடாக்கி, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, மூன்று நாள் அழுத்தித் தேய்த்தேன். செவ்வாய் முப்பத்தெட்டு, புதன் முப்பத்தொன்பது. தேய்க்கத் தேய்க்க வளர்ந்தது.

இன்று காலை பூப்பறிக்க இறங்கினவர் நாலு படி திரும்ப ஏற முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு இழுத்தால் வலது விலாவில் குத்துகிறதாம். “வாயு, கேட்டியா. சுக்குத் தட்டிப் போடு” என்றார். சுக்கு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஆஷா என்று ஒரு சின்னப் பெண். இசிஜி எடுத்தார்கள், ஹார்ட் அட்டாக் இல்லை. பிறகு அந்தப் பெண் கேள்வி கேட்க ஆரம்பித்தது. நீண்ட நேரம் ஒரே இடத்தில் இருந்தாரா, தூர யாத்திரை போனாரா, படுக்கையில் கிடந்தாரா என்று. உங்கள் தம்பி வாயைத் திறந்தார். நான் விடுவேனா? நோட்டைப் பிரித்து, “இருக்கதாவது! எண்பத்தஞ்சு கிலோமீட்டர் நடந்தாக்கும் டாக்டரே, சனிக்கிழமை மணப்பாடு!” என்றேன். எல்லாக் கேள்விக்கும் இல்லை, இல்லை, இல்லை. அவ்வளவு நடந்திருந்தால் தசை கிழிந்திருக்கலாம், ரத்தம் எடுத்துப் பார்ப்போம், எக்ஸ்ரேக்கு வரிசையில் இருங்கள் என்று சொல்லிவிட்டது டாக்டர். எங்கள் டோக்கன் நாற்பத்துமூன்று. உள்ளே போனது பத்தொன்பது.

பெஞ்சில் உட்கார்ந்து ‘தசைக் கிழிவு’ என்று எழுதப் பேனாவைத் திறந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது, உதடு வெளுத்திருந்தது.

“எழுதாதட்டி.”

“ஏன்?”

“நடக்கல.”

“என்ன நடக்கல?”

“நான் நடக்கல. இருந்தேன்.”

எங்கே தெரியுமா மைனி? போனக்காட்டில்! விதுரைக்கு மேலே மலையில், பிரதீஷ் என்கிற பழைய ஆபீஸ் சிநேகிதர் எடுத்திருந்த எஸ்டேட் வீட்டில், பாயில், இடது காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்து மூன்று நாள் இருபத்தெட்டு. இருபத்தெட்டு என்றால் சீட்டாட்டம், நாம ஜெபக் கணக்கு இல்லை. உவரி கடந்தாச்சு என்று எனக்குப் போன் செய்தபோது கையில் ரெண்டு ஜாக்கி இருந்ததாம். இலை விபூதி, கூட ஆடின விஜய்குமார் என்பவர் வீட்டில் யாரோ வாங்கி வைத்திருந்தது.

நான் அழவில்லை, ஏசவில்லை, பதில் சொல்ல அவருக்கு மூச்சு வேண்டுமே. டோக்கனைக் கிழித்துப் போட்டுவிட்டு நேரே டாக்டர் அறைக்குள் நுழைந்தேன். “டாக்டரே, என் நோட்டு பொய். இவரு நடக்கல, இருந்தாரு.”

“எத்ர நேரம்?”

“மூணு நாள். சோத்துக்கும் மூத்திரத்துக்கும்தான் எந்திரிச்சாராம்.”

அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். நோட்டுக்குள் செருகியிருந்த என் நாடாவை வாங்கித் தானே அளந்தது. முப்பத்தொன்பது, முப்பத்துநாலரை. “எண்ணெய் தேச்சோ?” என்றது. மூன்று நாளாக என்றேன். “ஐயோ அம்மே, இனி தடவண்டா! உள்ளே ரத்தம் கட்டியிருந்தா, பிச்சுக்கிட்டு நெஞ்சுக்குப் போவும்.” நான் என் பத்து விரலையும் பார்த்தேன் மைனி.

பிறகு எல்லாம் ஓட்டம்தான். சக்கர நாற்காலி, மூக்கில் ஆக்சிஜன், காலுக்கு ஸ்கேன். கருவியை வைத்து அழுத்தினால் நல்ல ரத்தக்குழாய் தட்டையாகிவிடுமாம். வலது காலில் ஆனது. இடது முழங்காலுக்குப் பின்னால் அழுத்த அழுத்த உருண்டையாகவே நின்றது, உங்கள் தம்பியின் பிடிவாதம் போல. ரத்தக்கட்டிதான். அங்கேயே வயிற்றில் ஒரு ஊசி போட்டார்கள். அந்தக் கட்டியில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போய்விட்டதா என்று பார்க்கத்தான் இப்போது உள்ளே மருந்து ஏற்றி ஸ்கேன் எடுக்கிறார்கள். சம்மதத் தாள் மலையாளத்தில் இருந்தது. பஸ் போர்டு பார்த்து மலையாளம் படித்தவள் நான், ‘அபாயம்’ என்ற சொல்லை மூன்று இடத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, “நாலாவது ஆளு யாருன்னு மட்டும் கேட்டிராத” என்றார். நான் கேட்கவே இல்லையே! பிறகுதான் யோசித்தேன், இருபத்தெட்டுக்கு நாலு கை வேண்டும். இவர், பிரதீஷ், விஜய்குமார், மூன்றாயிற்று. நாலாவது கை எவன் கையோ, அவன் கை கால் விளங்காமப் போக என்று இந்த வாசலில் நின்று சபித்தேன். பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஸ்கேனுக்கு ஒரு தேங்காய் வீதம் நேர்ந்திருக்கிறேன், உடைப்பதும் நானே. இந்தத் தடவை அடுத்தவர் காலை நம்பவில்லை.

மணி பன்னிரண்டு ஐம்பது. கதவு திறக்கவில்லை.

ஒன்று பத்து. யாரோ ஓடுகிறார்கள், நம் கதவுக்கு இல்லை.

ஒன்று முப்பத்தைந்து. டாக்டர் ஆஷா வந்தது. வலது நுரையீரலில் ரெண்டு சின்னக் கிளையில் கட்டி இருக்கிறது. இருதயம் தாங்குகிறது. மருந்திலேயே கரைய வழி உண்டு, ஆனால் மூன்று மாதமாவது மருந்தை விடக் கூடாதாம். “நேரத்தே வந்நது நன்னாயி அம்மே” என்றது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

ஆகையால் நீங்கள் பதறி விரதத்தை விட வேண்டாம். உங்கள் தம்பி தேறியதும் புத்தி சொல்ல அண்ணாச்சியை மட்டும் அனுப்பி வையுங்கள். சீட்டைக் கையால் தொடாத உத்தமர், அவர் சொன்னால் கேட்பார். அண்ணாச்சிக்கு என் நமஸ்காரம். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் முருகன் குறைவில்லாத மூச்சும் ஒரே அளவில் ரெண்டு காலும் தர வேண்டிக்கொள்ளும்,

உலகம்மை

பின்குறிப்பு: மணி மூன்று ஐம்பது, ஹரிகுமார் அவசரப்படுத்துகிறார். உங்கள் தம்பி கொஞ்சம் தெளிந்ததும் என் போனைத் தள்ளிவிட்டுத் தன் போனில் ஒரு நம்பரை அடித்தார். முதல் மணியிலேயே எடுத்தார்கள், பேச்சு எனக்கும் கேட்டது. “அத்தான், உங்க காலு எப்படி?” “இடது கால் கொஞ்சம் கனமாத்தான் இருக்கு மாப்ளே. சுசீலா எண்ணெய் போட்டுத் தேய்க்கா, ஒண்ணும் பேசாம தேய்க்கா.” “உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க!” “எங்க இருந்தேருன்னு கேப்பானே டாக்டரு. இவ பக்கத்துல நிப்பாளே.” அவ்வளவுதான், இப்போது அந்தப் போனும் சுவிட்ச் ஆஃப். உங்கள் தெருவில் வேறு யார் நம்பரும் எங்களிடம் இல்லை. குருவாயூரும் இல்லை பஜனமும் இல்லை மைனி, நாலாவது கை அண்ணாச்சி கை. மேலே உத்தமர் என்று எழுதியதை அடித்துக்கொள்ளுங்கள். சாபத்தை நானே அடித்துவிட்டேன். எழுப்ப வேண்டாம் என்றேனே, எழுப்புங்கள். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வையுங்கள், அந்தக் காலை இனித் தொடாதீர்கள், அளக்கக்கூட நிற்க வேண்டாம். ஹரிகுமார் ஆட்டோவோடு வாசலில் நிற்பார், அதிலேயே ஏற்றுங்கள். டாக்டர் கேள்வி கேட்கும்போது மட்டும் நீங்கள் வெளியே நில்லுங்கள், அவர் உண்மையைச் சொல்லட்டும். மௌன விரதத்தை அதுவரை உடைத்துவிடாதீர்கள். ஊசி போட்டு முடிந்ததும் உடைக்கலாம்.