சதுப்புக்குப் போன வருங்கால மாப்பிள்ளை

ஜூலை 26, சனிக்கிழமை. சின்னத் தவறு ஒன்று செய்துவிட்டேன். கோராவின் அப்பாவிடம், ‘சுலபமான நடை, குழந்தைகூட நடந்துவிடும்’ என்று சொல்லியிருக்கக் கூடாது.

காலையில் நாட்குறிப்பில் இதை எழுதி வைத்துவிட்டுத்தான் வெண்டல் கிளம்பினான். எழுதும்போது அது சின்னத் தவறாகத்தான் இருந்தது. பிற்பகல் மூன்று மணிக்கு, தான் நடந்து வந்த பாதையின் மேலேயே ஒரு நாரை நின்று மீன் பிடிப்பதைப் பார்த்தபோது, தவறு நன்றாக வளர்ந்துவிட்டது தெரிந்தது.

அவர்கள் நடந்து வந்தது, பனிப்பாறை என்றோ உருகியபோது விட்டுப்போன நீண்ட சரளை மேடு. பாதை அதன் முதுகிலேயே ஓடி, கடைசியில் இறங்கி, உப்புச் சதுப்பைப் பலகைகள் மேல் கடந்து, பைன் மரங்கள் நின்ற ஒரு திட்டில் முடியும். அந்தத் திட்டில்தான் நால்வரும் உட்கார்ந்து, சிங்கி இறால் வைத்த பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்: வெண்டல், அவன் கட்டிக்கொள்ளப்போகும் கோரா, அவளுடைய அம்மா வெர்னா, அப்பா லின்வுட்.

லின்வுட்டுக்குச் சதுப்போரத்தில் சின்னதாக ஒரு வீடு இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அதில் குடியேற வேண்டும் என்று இருவருக்கும் கொள்ளை ஆசை. “கடல் எப்ப ஏறும், எப்ப இறங்கும்னு தெரியாத மலைநாட்டான் கையில சாவியக் குடுக்க மாட்டேன். ஒரு தடவை எங்களக் கூட்டிட்டுப் போயி, கால் நனையாம திரும்பக் கூட்டிட்டு வரட்டும்” என்று அவர் சொல்லியிருந்தார்.

“கோரா, நாலு மணி வரைக்கும் தண்ணி வராதே?” என்றான் வெண்டல் மெதுவாக.

“அதான் வந்துடுச்சே. சமையக்கட்டுல கடல் ஏறி இறங்கற ஓத நேரம் போட்ட காலண்டர் இருக்கே, பாத்தியா இல்லியா?”

“ரெண்டு தடவை பாத்தேன். கோடைக்காகக் கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வெச்சிருக்கோமில்ல, அதையும் கூட்டிக்கிட்டேன்.”

லின்வுட் பன்னைக் கீழே வைத்தார். “கூட்டிக்கிட்டியா? அதுல முன்னமே கூட்டித்தான்யா அச்சடிக்கிறான்! வெர்னா, கேட்டியா சங்கதிய? மாப்பிள்ளை கடலுக்கே ஒரு மணி நேரம் லீவு குடுத்திருக்காரு!”

“தண்ணி வரும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்?”

“பரீட்சை வெச்சவனே வந்து பதிலச் சொல்லுவானா தம்பி?”

வெண்டல் எழுந்தான். “பலகை கணுக்கால் ஆழத்துலதான் இருக்கும். நான் மொதல்ல போய்ப் பாக்கறேன்.”

முதல் பலகையில் கால் வைத்தான். ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த பலகை அவனைச் சேற்றில் உட்காரவைத்துவிட்டு, நிதானமாகத் திரும்பி மிதந்து போனது.

“பலகைக்காவது போற வழி தெரியுது” என்றார் லின்வுட்.

“புல்லோரமா சுத்திப் போயிடலாம்” என்றான் வெண்டல். அவனை நம்பி முதலில் இறங்கியவள் வெர்னா. இரண்டாவது அடியில் முழங்கால் வரை போய்விட்டாள். வெண்டல் புல்லின் மேல் குப்புறப் படுத்து இழுத்தான். வெர்னா வந்தாள். ஒரு செருப்பு வரவில்லை.

அந்த அமளியில் பச்சைத்தலை ஈக்கள் வந்து சேர்ந்தன. சட்டையோடு சேர்த்துச் சதையைப் பிடுங்கும் ஜாதி. வெண்டல் தன் கருநீல மேல்சட்டையைக் கழற்றி, வெர்னாவைச் சுற்றிப் பலமாக வீசினான்.

“ஐயோ, கறுப்பா எதையாவது ஆட்டினா அதுங்கள விருந்துக்குக் கூப்பிடற மாதிரி!” என்று கோரா கத்தினாள். அதற்குள் சதுப்பிலிருந்த மிச்ச ஈக்களும் வந்துவிட்டன.

நால்வரும் திட்டின் உச்சிக்கு ஓடினார்கள். அங்கிருந்து பார்த்தால் அக்கரையில், சதுப்புப் புல்லை ஏற்றிப்போகும் தாழ்வான வைக்கோல் வண்டிப் பாதை தெரிந்தது. நடக்கத் தொடங்கும் முன் லின்வுட் அதில் நிறுத்திய அவருடைய கார், சக்கரம் மூழ்க நின்றுகொண்டிருந்தது.

“அப்பா, உங்க வண்டி!”

“தெரியுது.”

“தண்ணி வரும்னு தெரிஞ்சும் ஏன்பா அங்க போய் நிறுத்தினீங்க?”

லின்வுட் தன் கழுத்தில் உட்கார்ந்த ஈயை, தேவைக்கு மேல் பலமாக அடித்தார்.

“படகுக்குச் சொல்லிடலாம் சார்” என்றான் வெண்டல்.

“ஒண்ணும் வேணாம். ஊரே சிரிக்கும். ராத்திரிக்குள்ள தானா வடிஞ்சிடும், உக்காரு.”

ஒற்றைச் செருப்போடு நின்ற வெர்னா, கணவரின் பையிலிருந்து போனை எடுத்தாள். “ஆல்டனா? வெர்னா பேசறேன். ஆமா, திட்டுலதான். நாலு பேரு.”

வெண்டல் முழங்கையிலிருந்த சேற்றை வழித்துப் போட்டான். “தப்பு என்னோடதுதான் சார். சாவிய இனிமே கேக்க மாட்டேன்.”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்ப? எங்க பரம்பரையில ஓதம் பாக்கத் தெரியாம ஒருத்தன் இந்தச் சதுப்புல கால் வெச்சதில்ல. மலைநாட்டான் வந்தான், முதல் நாளே மானம் போச்சு!”

படகு திட்டில் வந்து இடித்தது. சேற்றில் மட்டிச் சிப்பி தோண்டும் ஆல்டன்தான் ஓட்டி வந்தான். வெர்னாவைக் கைகொடுத்து ஏற்றினான், கோராவை ஏற்றினான், சேறு அப்பிய வெண்டலையும் ஏற்றினான். கடைசியாக லின்வுட்டின் பக்கம் திரும்பினான்.

“லின்வுட், நாளைக்குக் காலையில வழக்கம்போல டிராக்டரோட வந்து வண்டிய இழுத்துடறேன்.”